ஒன்றரைக் கோடியா, நாலரைக் கோடியா? சாவுக் கணக்கில் எந்த மூலத்தை நம்புவது

நீங்கள் கேட்டது இது. 1959 முதல் 1961 வரை சீனாவில் வந்த பெரும்பஞ்சத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று நண்பரோடு உங்களுக்கு வாக்குவாதம். அவர் ஒன்றரைக் கோடி என்கிறார், நீங்கள் நாலரைக் கோடி என்கிறீர்கள். அவர் காட்டும் ஆதாரம் சீன அரசு வெளியிட்ட புள்ளிவிவரம். குற்றவாளியே எழுதிக்கொண்ட கணக்கு என்று நீங்கள் அதைத் தள்ளிவிட்டீர்கள். நீங்கள் காட்டியது மேற்கத்திய வரலாற்றாசிரியர் ஒருவரின் கணக்கு. எதிராளி எழுதியது என்று அவர் அதைத் தள்ளிவிட்டார். இரண்டில் எது நம்பகமான மூலம் என்று கேட்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி இதைவிடப் பெரியது என்று எனக்குப் படுகிறது. சொன்னவர் யார் என்பதை வைத்தே ஓர் எண்ணை ஏற்கவும் தள்ளவும் செய்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சொன்னவரை ஓரமாக வைத்துவிட்டு எண்ணை மட்டும் எடைபோட வழி உண்டா? உண்டு. முழுதாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதிக்கு உண்டு.

நான் மக்கள்தொகையியல் படித்தவன். பல வருடங்களாக இறப்புக் கணக்கெடுப்புகளில் வேலை பார்த்திருக்கிறேன். வீடு வீடாகப் போய்க் கேட்டும் இருக்கிறேன், பிறகு வந்த தாள்களைச் சரிபார்த்தும் இருக்கிறேன். வரலாற்றாசிரியன் இல்லை. சீன மொழியோ ரஷ்ய மொழியோ படிக்கத் தெரியாது. அந்த ஆவணங்களை நேரில் பார்த்தவர்கள் எழுதியதை வைத்துத்தான் என்னால் பேச முடியும். ஆனால் சாவு எண்கள் எப்படிப் பிறக்கின்றன, எங்கே கெட்டுப்போகின்றன என்பது எனக்குப் பழகிய விஷயம்.

ஓர் எண்ணை யாராவது நீட்டினால் நான் முதலில் கேட்பது, இது எங்கே பிறந்தது என்பதைத்தான். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்னால் போதாது. அந்தப் புத்தகம் இன்னொரு புத்தகத்தைக் காட்டும், அது ஒரு பழைய செய்தியைக் காட்டும். பின்னாலேயே போனால் கடைசியில் யாரோ ஒருவர் எண்ணிய இடத்துக்கோ, கழித்துப் பார்த்த இடத்துக்கோ, உத்தேசமாகச் சொன்ன இடத்துக்கோ போய்ச் சேருவோம். இருபது புத்தகங்களில் இருக்கிறது என்பார்கள். இருபதும் ஒரே கிணற்றில் இறைத்தவை என்றால் அவை ஒரே சாட்சிதான்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தைப் பாருங்கள். 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கி பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு நகரத்தின் நடுப்பகுதியை எரித்தன. அடுத்த மாதம் அங்குள்ள காவல்துறை தனக்குள் ஓர் அறிக்கை தயாரித்தது. அதுவரை கணக்கில் வந்த சடலங்கள் 20,204, மொத்தம் 25,000 வரை போகலாம் என்று அதில் இருந்தது. பிற்பாடு அதே அறிக்கையின் தட்டச்சுப் பிரதி என்று ஒன்று சுற்றுக்கு வந்தது. அதில் 2,02,040 என்று இருந்தது, இரண்டரை லட்சம் வரை போகலாம் என்றும் இருந்தது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 20204 என்பதற்குப் பின்னால் ஒரே ஒரு பூஜ்யம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பூஜ்யம் உலகம் முழுக்கப் போனது. 1966இல் அசல் எண்களோடு பொருந்தும் அதிகாரபூர்வ ஆவணங்கள் வெளிவந்த பிறகும் பெரிய எண் சாகவில்லை. கடைசியில் 2004இல் டிரெஸ்டன் நகரமே வரலாற்றாசிரியர் குழு ஒன்றை அமைத்தது. கல்லறைப் பதிவேடுகள், நகராட்சிப் பதிவுகள் எல்லாவற்றையும் அவர்கள் அலசினார்கள். சடலங்களே மிஞ்சாமல் ஆயிரக்கணக்கானவர்கள் எரிந்து சாம்பலானார்கள் என்ற வாதத்தைத் தொல்லியல் சான்றுகளோடு வைத்துப் பார்த்தார்கள். 2010இல் அதிகபட்சம் 25,000 என்று முடிவு சொன்னார்கள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, உங்கள் வாக்குவாதத்துக்கு அது நேரடியாகப் பொருந்தும். அந்த 20,204 யாருடைய எண்? நாஜி அரசின் காவல்துறை எழுதியது. அதே நேரத்தில் அதே அரசின் பிரச்சாரத் துறை வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு இரண்டு லட்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே அரசு, இரண்டு எண். யார் எழுதினார் என்று மட்டும் பார்த்தால் இரண்டையும் ஒன்றாகத் தள்ளியிருப்போம். யார் படிக்க எழுதினார் என்று பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. காவல்துறைக்கு அந்த எண் அன்றாட வேலைக்குத் தேவைப்பட்டது: எத்தனை பேரைப் புதைக்க வேண்டும், எத்தனை பேரை அடையாளம் காண வேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். பிரச்சாரத் துறைக்கு ஊர் பார்க்க ஓர் எண் தேவைப்பட்டது. தனக்குள் வேலை நடக்க எழுதிய கணக்குக்கும் மேடையில் சொல்ல எழுதிய கணக்குக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நான் வேறு எதைவிடவும் பெரிதாக மதிக்கிறேன்.

சோவியத் ஒன்றியத்திலும் இதையே பார்க்கலாம். 1937 ஜனவரியில் அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. நாட்டில் 16.8 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று ஸ்டாலின் 1934 கட்சி மாநாட்டிலேயே அறிவித்திருந்தார். மூன்று வருடம் கழித்து எண்ணினால் 16.2 கோடிதான் வந்தது. அந்த அறிவிப்புக்கு முன்பே 1932–33 பஞ்சம் நடந்திருந்தது, காணாமல் போனவர்கள் கணக்கெடுப்பில் காணாமல்தான் போனார்கள். முடிவு வெளியிடப்படவில்லை. கணக்கெடுப்பை நடத்திய தலைமைப் புள்ளியியலாளர்கள் கைது செய்யப்பட்டார்கள், அவர்களில் ஒலிம்பி க்விட்கின் போன்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். என் தொழிலில் சரியாக எண்ணிய குற்றத்துக்காகச் செத்தவர்கள் அவர்கள். அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அவர்கள் எண்ணிய தாள்கள் பல பத்தாண்டுகள் ஆவணக் காப்பகத்தில் கிடந்து பிறகு வெளிவந்தன, இன்று அந்தப் பஞ்சத்தைக் கணக்கிடுகிறவர்களுக்கு அவை முக்கிய ஆதாரம். அதே அரசு இரண்டாம் உலகப் போரில் தன் இழப்பை 1946இல் 70 லட்சம் என்றது, 1960களில் 2 கோடி என்றது, 1990இல் ஏறக்குறைய 2.7 கோடி என்றது. மேடையில் சொன்ன எண் காலத்துக்குத் தக்கபடி மாறியது. ஆனால் 1937–38இல் 6,81,692 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியதாக ரகசியக் காவல்துறை தன் மேலதிகாரிகளுக்கு எழுதிய ரகசியக் கணக்கை ஆய்வாளர்கள் பெரும்பாலும் குறைந்தபட்ச எண்ணாக ஏற்கிறார்கள். குற்றவாளியின் கணக்குதான், ஆனால் அது நமக்குக் காட்ட எழுதியது இல்லை. விசாரணையில் அடிபட்டுச் செத்தவர்கள் எல்லாரும் அந்த எண்ணுக்குள் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அது என்ன எண்ணியது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, சீனாவுக்கு வருவோம். இங்கே யாரும் சடலங்களை எண்ணவில்லை. எண்கள் எல்லாமே கழித்தலில் வந்தவை: பஞ்ச வருடங்களில் இறந்தவர்கள் இத்தனை, பஞ்சம் வராமல் இருந்திருந்தால் எப்படியும் இத்தனை பேர் இறந்திருப்பார்கள், கழித்தால் மிகை இறப்பு. சீன அரசு பிற்பாடு வெளியிட்ட எண்களின்படி ஆயிரம் பேருக்கு இறந்தவர்கள் 1957இல் 10.8, 1958இல் 11.98, 1959இல் 14.59, 1960இல் 25.43, 1961இல் 14.24. நீங்களே போட்டுப் பாருங்கள். 1957ஐ இயல்பான வருடமாக வைத்து மற்ற நான்கிலிருந்தும் 10.8ஐக் கழித்து மிச்சத்தைக் கூட்டினால் ஆயிரத்துக்கு 23 வரும். அன்று மக்கள்தொகை சுமார் 66 கோடி. பெருக்கினால் ஒன்றரைக் கோடி. உங்கள் நண்பரின் எண் இப்படிப் பிறந்ததுதான். அவர் பொய் சொல்லவில்லை. அரசின் விகிதங்களை எழுதியபடியே எடுத்துக்கொண்டால் யாருக்கும் அந்த எண்தான் வரும்.

அப்புறம் அந்த விகிதங்களை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆயிரத்துக்கு ஒன்று என்பது பார்க்கச் சின்னதாகத் தெரியும். 66 கோடியில் அது வருடத்துக்கு 6.6 லட்சம், மூன்று வருடத்துக்கு 20 லட்சம். இயல்பான விகிதம் என்று எதை வைக்கிறோம் என்பதில் ஒரு புள்ளி நகர்ந்தால் ஒரு பெரிய நகரம் அளவுக்கு மனிதர்கள் கணக்கில் ஏறுகிறார்கள் அல்லது இறங்குகிறார்கள். 1957இல் அவ்வளவு ஏழை நாட்டில் ஆயிரத்துக்கு 10.8 என்பதை நம்புவது கடினம். இறப்புகள் பல பதிவாகவே இல்லை என்று கொள்வதுதான் நியாயம். ஊரே பசியில் கிடந்த 1960இல் பதிவு இன்னும் மோசமாகத்தான் இருந்திருக்கும். இதில் மிகவும் நழுவிப்போகிறவர்கள் குழந்தைகள். சீனாவில் 1953இல் ஒரு கணக்கெடுப்பு, அடுத்தது 1964இல். 1958இல் பிறந்து 1960இல் செத்த குழந்தை இரண்டிலும் இல்லை. பிறப்பும் பதிவாகாமல் சாவும் பதிவாகாமல் போனால் காகிதத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு குழந்தை உலகத்துக்கு வரவே இல்லை.

அந்தக் குழந்தைகளை ஓரளவு திரும்பக் கொண்டுவந்தது 1982இல் நடந்த ஓர் ஆய்வு. ஆயிரத்தில் ஒருவர் என்ற மாதிரியில் பெண்களிடம் அவர்கள் வாழ்நாளில் பெற்ற பிள்ளைகளைப் பற்றி வருடம் வாரியாகக் கேட்டார்கள். அந்தப் பிறப்புக் கணக்கையும் 1953, 1964, 1982 கணக்கெடுப்புகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த மக்கள்தொகையியலாளர்களுக்கு 2.7 கோடியிலிருந்து 3 கோடி வரை வந்தது. பிறகு சீனாவின் உள்ளூர் வரலாற்றுப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டவர்களுக்கு 3.2 கோடி வந்தது. நீங்கள் சொல்லும் நாலரைக் கோடி அங்கிருந்து மேலே போனது: சில இடங்களில் கட்சி ஆவணங்கள் உள்ளூர்ப் பதிவுகளைவிட அதிகச் சாவைக் காட்டின, அந்த வித்தியாசத்தை நாடு முழுவதற்கும் விரித்து எடுத்த எண் அது. ஆவணங்கள் உண்மையானவை. எனக்கு இருக்கும் சந்தேகம் விரிப்பதில்தான். எந்த இடத்தில் சாவு மிக மோசமாக இருந்ததோ அங்கேதான் மேலிடம் விசாரணைக்கு ஆள் அனுப்பும், அங்கேதான் ஆவணம் தடிமனாக இருக்கும். அதை வைத்து நாடு முழுவதையும் அளந்தால் கூடிப்போக வாய்ப்பு உண்டு. கூடித்தான் போனது என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. இதே பஞ்சத்துக்கு ஏழரைக் கோடி என்றும் யாராவது சொல்லக்கூடும். சீனப் பத்திரிகையாளர் ஒருவர் இறந்தவர்கள் 3.6 கோடி என்றும், பசியால் பிறக்காமல் போனவர்கள் 4 கோடி என்றும் தனித்தனியாகத்தான் எழுதினார். இரண்டையும் கூட்டிச் சாவு என்று சொல்வது கேட்பவரின் தவறு.

கழித்தல் கணக்கு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு அதே நாட்டில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. தாங் வம்ச காலத்தில் ஆன் லூஷான் கிளர்ச்சி 755இல் தொடங்கி 763 வரை நடந்தது. 755இல் அரசுக் குடிக்கணக்கில் 5.29 கோடிப் பேர், 764இல் 1.69 கோடி. கழித்தால் 3.6 கோடி. உலகத்தின் மிகக் கொடிய போர்களின் பட்டியல்களில் இந்த எண் இன்றும் வருகிறது. ஆனால் அது வரி வசூலுக்கான கணக்கு. போரில் பேரரசின் பல பகுதிகள் கைவிட்டுப் போயின, எண்ணும் அதிகாரிகளே இல்லாமல் போனார்கள், மக்கள் இடம்பெயர்ந்தார்கள். எண்ணப்படாமல் போனவர்களையும் செத்தவர்களையும் அந்தக் கழித்தலால் பிரித்துக் காட்ட முடியாது. பல லட்சம் பேர் செத்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. 3.6 கோடி என்பதை மட்டும் நான் பயன்படுத்த மாட்டேன்.

பேரழிவு முதலில் அழிப்பது எண்ணுகிறவரைத்தான் என்று சில சமயம் தோன்றும். 1943 வங்கப் பஞ்சத்தில் கிராமத்துச் சாவுகளைப் பதிவு செய்ய வேண்டியவர் சௌகிதார், ஊர்க் காவலர். அவருக்கும் சொற்பச் சம்பளம், அவர் வீட்டிலும் பசி. பலர் வேலையை விட்டுப் போனார்கள், சிலர் செத்தே போனார்கள். அரசு அமைத்த விசாரணைக் குழு 1945இல் 15 லட்சம் என்று சொன்னபோது இந்தப் பதிவேடுகளின் மீதுதான் நிற்க வேண்டியிருந்தது, அதுவும் 1944 நடுப்பகுதி வரை மட்டுமே. பஞ்சத்தோடு வந்த மலேரியாவும் அம்மையும் அதற்குப் பிறகும் ஆட்களைக் கொன்றன. பதிவில் விட்டதைச் சேர்த்து, காலத்தையும் 1946 வரை நீட்டிய அமர்த்தியா சென் 30 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்தார். பின்னால் வந்த சில மக்கள்தொகையியலாளர்கள் 21 லட்சம் அளவில் நிற்கிறார்கள். இதில் யாரும் யாரையும் பொய்யர் என்று சொல்லத் தேவையில்லை. எந்த நாளில் கணக்கை நிறுத்துகிறோம், எவ்வளவு விட்டுப்போனதாக வைக்கிறோம் என்ற இரண்டே கேள்விகளில் இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். 1876–78 தாது வருஷப் பஞ்சத்திலும் இப்படித்தான். பட்டினியில் இளைத்து காலராவிலும் காய்ச்சலிலும் போனவர்கள் பதிவேட்டில் காலரா, காய்ச்சல் என்றே ஏறினார்கள். காரணம் என்ற கட்டத்தை மட்டும் பார்த்தால் பஞ்சம் சின்னதாகத் தெரியும். 1881 கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை பத்து வருடத்துக்கு முன் இருந்ததைவிடக் குறைந்திருந்தது என்பதைப் பார்த்தால்தான் நடந்தது என்னவென்று புரியும்.

அயர்லாந்துப் பஞ்சத்துக்குப் பிறகு 1851இல் வீடு வீடாகப் போய், உங்கள் குடும்பத்தில் யார் யார் இறந்தார்கள் என்று கேட்டார்கள். கேள்வி சரிதான். ஆனால் பதில் சொல்ல வீட்டில் ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும். குடும்பத்தோடு செத்தவர்களையும் குடும்பத்தோடு கப்பல் ஏறியவர்களையும் பற்றிச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

நானே கேட்டுப் பழகியவன் என்பதால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஒரு வயதான அம்மாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். நாலு என்றார். உயிரோடு இருப்பவர்கள்? நாலு. எழுதிக்கொண்டேன். எங்கள் தாளில் அதற்கு அடுத்து ஒரு கேள்வி கட்டாயம் உண்டு: பிறந்து அழுதோ மூச்சுவிட்டோ, அப்புறம் தங்காமல் போன குழந்தை ஏதாவது உண்டா? அவர் உடனே பதில் சொல்லவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ரெண்டு இருந்துச்சு தம்பி, அதையெல்லாம் எழுதுவீங்களா?" என்று கேட்டார். எழுதினேன். அந்த ஒரு வரியைக் கேட்காமல் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தால் ஆறு நாலாகியிருக்கும். களத்துக்குப் போகிறவர்கள் அந்தக் கேள்வியை அவசரத்தில் விட்டுவிட்ட தாள்களையும் நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பகுதியில் மட்டும் குழந்தைச் சாவு திடீரென்று குறைந்திருக்கும்.

மாதிரி ஆய்வுகளின் பலமும் பலவீனமும் இங்கேதான். ஈராக் போரில் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1,849 வீடுகளில் 12,801 பேரைப் பற்றிக் கேட்டு, படையெடுப்புக்குப் பின் 6,54,965 பேர் மிகையாக இறந்ததாகச் சொன்னது. கூடவே அது தந்த வரம்பு சுமார் 3.93 லட்சத்திலிருந்து 9.43 லட்சம் வரை. மாதிரியில் ஒருவர் என்பது நாட்டில் ஏறக்குறைய 2,000 பேருக்குச் சமம். சில தெருக்கள் தவறாகத் தேர்வானாலே மொத்தம் எங்கேயோ போய்விடும். அதே காலத்துக்கு 9,000க்கும் மேற்பட்ட வீடுகளில் நடந்த இன்னொரு ஆய்வு வன்முறைச் சாவுகள் 1.51 லட்சம் என்றது. முதல் ஆய்வில் வன்முறைச் சாவு மட்டும் 6 லட்சம். நாலு மடங்கு வித்தியாசத்துக்குத் தற்செயல் காரணமாக இருக்க முடியாது. முதல் ஆய்வின் தலைவர் தன் முறையைப் பற்றிய அடிப்படை விவரங்களைக் கேட்டும் கொடுக்கவில்லை என்று அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வாளர் சங்கம் 2009இல் கண்டித்தது. அதனால் அவர் எண் தவறு என்று ஆகிவிடாது. ஆனால் எடுத்த வழியைத் திறந்து காட்டுகிறவரையும் காட்டாதவரையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

பெயர் வாரியாக எண்ணுவது இவை எல்லாவற்றையும்விட உறுதியானது, ஆனால் அது பெரும்பாலும் கீழ் எல்லையைத்தான் தரும். 1919 ஜாலியன்வாலா பாகில் 1,650 தடவை சுட்டார்கள். அரசுக் குழு ஏற்ற சாவு எண்ணிக்கை 379. சில மாதம் கழித்து, செத்தவர்கள் பெயரைத் தாருங்கள் என்று அதே அரசு கேட்டபோது, எங்கள் வீட்டு ஆள் அன்று அங்கே இருந்தார் என்று போய்ச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? 379 என்பது சொல்லத் துணிந்தவர்களின் கணக்கு. அன்று காங்கிரஸ் விசாரணை சொன்ன ஆயிரம் என்பது உத்தேசம்.

பட்டியல்கள் இரண்டு மூன்று இருந்தால் விட்டுப்போனவர்களையும் ஓரளவு அளக்கலாம். ஒரு அமைப்பிடம் 100 பெயர், இன்னொன்றிடம் 100 பெயர். 50 பெயர் இரண்டிலும் இருந்தால், மொத்தம் 200 பேர் அளவில்தான் இருக்க வேண்டும். 10 பெயர்தான் பொது என்றால் மொத்தம் ஆயிரத்தைத் தொடும். பெரு நாட்டின் உண்மை ஆணையம் 2003இல் இப்படித்தான் சுமார் 24,000 பெயர்களிலிருந்து 69,280 என்ற மதிப்பீட்டுக்குப் போனது. ஒரு பட்டியலில் இருப்பவர் மற்றதிலும் இருக்க அதிக வாய்ப்பு இருந்தால் இந்த வழி தடுமாறும். 2019இல் வேறு முறையில் பார்த்தவருக்கு 48,000 வந்தது. வாதம் இன்னும் முடியவில்லை.

பெயர்ப் பட்டியல் எண்ணைக் குறைத்த இடமும் உண்டு. போஸ்னியப் போரில் 2 லட்சம், இரண்டரை லட்சம் என்று போர்க்காலத்தில் உலகமே சொன்னது. சரயேவோவில் இருந்த ஓர் ஆவண மையம் வருடக்கணக்கில் உட்கார்ந்து பெயர் பெயராகச் சேகரித்து 2007இல் 97,207 என்றது. சர்வதேசத் தீர்ப்பாயத்தின் மக்கள்தொகையியலாளர்கள் தனியாகக் கணக்கிட்டு 1,04,732க்கு வந்தார்கள். இரண்டும் இவ்வளவு அருகில் வந்ததால் எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை அதிகம். எண்ணைக் குறைத்ததற்காக அந்த மையத்தை அங்கேயே சிலர் துரோகி என்று திட்டினார்கள். ஆனால் அந்த நாட்டின் ஸ்ரெப்ரெனித்சா ஊரில் நடந்தது இனப்படுகொலை என்ற தீர்ப்பு அந்த எண்ணால் ஒரு துளிகூட அசையவில்லை. பெயரோடு இருந்த பட்டியல், யாரும் செத்தார்களா என்று கேட்டவர்களின் வாயை அடைத்தது.

இதைப் படிக்கும் பலருக்கு மனதில் ஓடுவது முள்ளிவாய்க்காலாகத்தான் இருக்கும். 2009 தொடக்கத்தில் போர்ப் பகுதிக்குள் சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று இலங்கை அரசு சொல்லிக்கொண்டிருந்தது. போர் முடிந்தபோது உயிரோடு வெளியே வந்தவர்கள் மட்டுமே 2.8 லட்சத்துக்கு மேல். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற எண்ணே இவ்வளவு குறைத்துச் சொல்லப்பட்ட இடத்தில், சாவு எண்ணிக்கைக்கு அரசின் வாக்கை மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது? ஐநா ஊழியர்கள் மே 13 வரை தங்களால் சரிபார்க்க முடிந்ததை மட்டும் சேர்த்து 7,721 என்று வைத்திருந்தார்கள். அது அடிமட்ட எண், கடைசி நாட்கள் அதில் இல்லை. 2011இல் ஐநா நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது. அதே ஆண்டு ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த எண் 1,46,679. அது எப்படி வந்தது என்பதைக் கவனமாகப் பாருங்கள். 2008 அக்டோபரில் அரசின் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பதிவுகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரசுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் 1,46,679. இவர்கள் எல்லாரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை, இவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்டார். இரட்டைப் பதிவு இருந்திருக்கலாம், கடல் வழியே போனவர்கள் இருக்கலாம், போராளிகளாகச் செத்தவர்கள் இருக்கலாம், கொல்லப்பட்ட பொதுமக்கள் இருக்கிறார்கள். எவ்வளவு எவ்வளவு என்று பிரிக்க வீட்டு வாரியான பதிவேடுகள் வேண்டும். அவரை மறுக்கிறவர்கள் முன்வைக்க வேண்டியதும் அந்தப் பதிவேடுகளைத்தான். அந்த எண்ணைச் சாவு எண்ணிக்கையாக்கிச் சொல்லும்போது, பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு நாமே தப்பிக்க ஒரு வாசலைத் திறந்துவிடுகிறோம் என்பது என் கருத்து.

உங்கள் நண்பரிடம் திரும்பப் பேசும்போது, யார் சொன்னது என்பதை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்து அந்த ஐந்து விகிதங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றரைக் கோடி எப்படி வருகிறது என்பதை அவர் கண்ணெதிரிலேயே போட்டுக் காட்டுங்கள், அது அவருடைய எண்ணுக்கு நீங்கள் செய்யும் மரியாதை. பிறகு 1957இன் 10.8ஐ அவர் உண்மையிலேயே நம்புகிறாரா என்று கேளுங்கள். நாலரைக் கோடிக்கு ஆதாரமாக எத்தனை இடங்களின் ஆவணம் இருக்கிறது, அதை நாடு முழுவதற்கும் விரிப்பது சரியா என்று அவர் திருப்பிக் கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். ஒரு எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும் என்று என்னைக் கேட்டால், 3 கோடிக்குப் பக்கத்தில், 2.5 கோடிக்கும் குறைவு என்றால் எனக்கு வலுவான காரணம் வேண்டும், 3.6 கோடிக்கு மேல் என்றாலும் வேண்டும் என்று எழுதுவேன். சாவுகள் நடந்தன, கோடிக்கணக்கில் நடந்தன, 1960இல் உச்சத்தில் இருந்தன என்ற மூன்றிலும் உங்கள் நண்பர் காட்டும் அரசுப் புள்ளிவிவரமும் நீங்கள் காட்டும் கணக்கும் ஒத்துப்போகின்றன. 1953க்கும் 1964க்கும் நடுவில் பிறந்து போன அந்தக் குழந்தைகளின் எண்ணிக்கையை மட்டும் 1982இல் தாய்மார்கள் எவ்வளவு நினைவுபடுத்திச் சொன்னார்களோ அவ்வளவுக்குத்தான் நாம் அறிவோம்.